நோட்டைத் திருப்பி வாங்கிக்கொள்பவர் யார்?

சிங்கப்பூரின் தேக்கா வட்டார மளிகைக் கடைக் கல்லாவில் எப்போதாவது புருணை பத்து வெள்ளி (டாலர்) நோட்டு வந்து விழும். கடைக்காரர் அதைச் சிங்கப்பூர் நோட்டோடு சேர்த்தே வங்கியில் கட்டலாம். கணக்கில் முழுப் பத்து வெள்ளி ஏறும். கட்டணம் பிடிக்க மாட்டார்கள். அதே கல்லாவில் பத்து மலேசிய ரிங்கிட் கிடந்தால் நாணயமாற்றுக் கடைக்குத்தான் போக வேண்டும், அன்றைய விலைதான் கிடைக்கும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் அரசுகள் செய்துகொண்ட உடன்பாடு. மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் 1967 ஜூன் 12 அன்று தத்தம் நாணயத்தை வெளியிட்டன. ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் உடன் வந்தது. 1973 மே மாதம் மலேசியா விலகிக்கொண்டது. அன்று சமமாக இருந்த நாணயங்கள் பிரிந்து, பல ஆண்டுகளாக ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட் அளவில் நிற்கின்றன. புருணை மட்டும் உடன்பாட்டில் தொடர்கிறது.

நடைமுறை இதுதான்: வங்கி புருணை நோட்டுகளைத் தனியே பிரித்து, நாட்டின் மத்திய வங்கியான சிங்கப்பூர் நாணய ஆணையத்திடம் கொடுக்கும். ஆணையம் அவற்றைப் புருணைக்குத் திருப்பி அனுப்பி ஈடு பெற்றுக்கொள்ளும். ஆனால் புருணை நோட்டு இங்கே சட்டப்படி செல்லும் பணம் அல்ல, வழக்கத்தால் ஏற்கப்படுவது. ஆகவே கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லலாம். பெரும்பாலும் சொல்வதில்லை, வங்கி வாங்கிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும்.

நோட்டின் மதிப்பு முழுக்க இதில்தான் நிற்கிறது: கடைசியில் அதைக் கட்டாயம் ஏற்றுக்கொள்ள வேண்டியவர் யார்? வரிக்கும் அபராதத்துக்கும் அரசு அதை ஏற்கிறது. அதில் கட்டினால் கடன் தீர்ந்தது என்று நீதிமன்றம் ஒப்புக்கொள்கிறது. இந்தக் கடமை அற்றுப்போனால் என்ன ஆகும் என்பதை சிங்கப்பூர் ஒருமுறை அனுபவித்திருக்கிறது.

1942 முதல் 1945 வரை சிங்கப்பூரை ஆக்கிரமித்திருந்த ஜப்பானியர் வெளியிட்ட பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்தது. மக்கள் அதை வாழைமர நோட்டு என்றார்கள். பின்னால் கையிருப்பு எதுவும் இல்லை. செலவுக்குத் தேவைப்பட்டபோதெல்லாம் அச்சடித்தார்கள். முதலில் வந்தவற்றில் வரிசை எண் இருந்தது, பிறகு வந்தவற்றில் வெறும் எழுத்துகள்தான். எண் இல்லாவிட்டால் எத்தனை தாள் வெளியே போயிற்று என்று கணக்கு வைக்க முடியாது, கள்ள நோட்டையும் கண்டுபிடிப்பது கடினம். விலைவாசி எகிறியது. 1945 செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் அந்த நோட்டு செல்லாது என்று அறிவித்தது.

அதைவிட முக்கியமானது, அதற்குப் பிறகு எழுந்த வழக்கு. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் வட்டித்தொழில் நடத்திய செட்டியார்களிடம் போருக்கு முன் நல்ல வெள்ளியில் கடன் வாங்கியவர்கள், மதிப்பிழந்த நோட்டில் அதை அடைத்திருந்தார்கள். கடன் தீர்ந்ததா இல்லையா? தாளைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஆக்கிரமிப்பின் பிற்பகுதியில் கட்டிய தொகைகளை மாதவாரி அட்டவணைப்படி குறைத்து மதிப்பிட அது வழி செய்தது. யார் எவ்வளவு இழப்பது என்பதை அந்த அட்டவணை தீர்மானித்தது. பணத்தின் அரசியல் இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவது அபூர்வம்.

இன்று நம் பணத்தில் பெரும்பகுதி நோட்டே அல்ல, வங்கிக் கணக்கிலுள்ள எண். வீட்டுக் கடனாக வங்கி 3,00,000 வெள்ளி கொடுக்கும்போது இன்னொருவர் சேமிப்பை எடுத்துக் கொடுப்பதில்லை. ஏட்டின் ஒரு பக்கம் கடன் என்றும் மறுபக்கம் வைப்புத்தொகை என்றும் அதே எண்ணை எழுதுகிறது. புதுப் பணம் அப்போதுதான் பிறக்கிறது. விற்றவரின் கணக்கு வேறு வங்கியில் இருந்தால், இரு வங்கிகளும் ஆணையத்தில் வைத்திருக்கும் இருப்பின் மூலம் தீர்த்துக்கொள்ளும். அசலைக் கட்டக்கட்ட அந்தப் பணம் மறைகிறது.

எவ்வளவு பிறக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. முதல் வீட்டுக்கு வங்கி பொதுவாக வீட்டு மதிப்பில் 75 விழுக்காடு வரைதான் கடன் தரலாம். எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வருமானத்துக்குச் சான்று காட்ட முடியாத சிறு வியாபாரிக்கு இந்த வாசல் குறுகலானது. வங்கி நொடித்தால், வைப்புத்தொகைக் காப்புறுதித் திட்டத்தில் உள்ள வங்கி ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு 1,00,000 வெள்ளி வரை பாதுகாப்பு உண்டு. 2024 ஏப்ரலுக்கு முன் அது 75,000 வெள்ளியாக இருந்தது.