சுவர் இல்லாத லாரிக்கு வாடகை ஏன் கூடுதல்?

"அதே எடை, அதே தூரம். ஆனால் மூடிய லாரியைவிட பிளாட்பெட் டிரெய்லருக்கு வாடகை அதிகம் கேட்கிறார்கள். கூரையும் சுவரும் இல்லாத வண்டிக்கு எதற்குக் கூடுதல் பணம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லாத சுவரின் வேலையை வேறு யாரோ செய்தாக வேண்டுமே, அதற்குத்தான்.

எல்லா லாரிக்கும் பொதுவானதை முதலில் முடித்துவிடலாம். கிலோமீட்டர் வாடகை, அதன்மேல் டீசல் கூடுதல் கட்டணம். ஒப்பந்த விலையைத் தாண்டி டீசல் எவ்வளவு ஏறியதோ, அதை லிட்டருக்கு ஓடும் கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்கான கூடுதல் கட்டணம் வரும். முழு லோடு ஏற்றிய டிரெய்லர் லிட்டருக்குச் சுமார் 2.5 கி.மீ.தான் ஓடும். பிறகு ரிட்டர்ன் லோடு. இரும்புத் தூண்களும் கான்கிரீட் குழாய்களும் கட்டுமான இடத்துக்குப் போகும்; அங்கிருந்து திரும்பி வரப் பெரும்பாலும் எதுவும் இருக்காது. காலியாக வரும் தூரமும் போகிற வாடகையில்தான் ஏறும்.

இனி சுவையான பகுதி. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தி மிதித்தால் வண்டி நிற்கும். சரக்கு முன்னே போகப் பார்க்கும். அந்த விசையைச் சரக்கின் எடையில் 0.8 மடங்கு என்று வைத்தே அமெரிக்க, ஐரோப்பிய விதிகள் கட்டும் முறையைக் கணக்கிடுகின்றன. 10 டன் எந்திரம் என்றால் 8 டன் விசை. எந்திரத்தின் அடிப்பாகத்துக்கும் டிரெய்லரின் தட்டுக்கும் இடையே உராய்வுக் குணகம் (அழுத்தும் எடையில் எத்தனை பங்கு பிடியாக மாறுகிறது என்பது) 0.3 என்று கொண்டால், எடையால் மட்டும் கிடைக்கும் பிடி 3 டன். மீதி 5 டன்னுக்கு மேலிருந்து பெல்ட் போட்டு அழுத்த வேண்டும். அந்த அழுத்தமும் 0.3 மடங்குதான் பிடியாக மாறும் என்பதால், தேவைப்படும் அழுத்தம் 5 ÷ 0.3, அதாவது ஏறத்தாழ 16.7 டன்.

ராட்செட் பெல்ட்டை (பற்சக்கரப் பிடியால் இறுக்கும் நாடா) கையால் இறுக்கினால், நல்ல ராட்செட்டில் சுமார் 500 கிலோ இழுவிசை வரும். இரு பக்கமும் நேர் செங்குத்தாக இறங்கினால், ஒரு பெல்ட் ஒரு டன் அழுத்தும். ஆக 17 பெல்ட். பக்கவாட்டில் 45 பாகை சாய்ந்தால் அழுத்தம் 0.7 மடங்காகக் குறைந்து 24 பெல்ட் ஆகிவிடும்!

இப்போது சரக்கின் அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். குணகம் 0.6 ஆகிறது. எடையே 6 டன் பிடிக்கிறது; மீதி 2 டன். 2 ÷ 0.6 = 3.3 டன் அழுத்தம். செங்குத்தாக 4 பெல்ட், சாய்வாக 5. உராய்வு இரண்டு மடங்குதான் கூடியது, பெல்ட் ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. சரக்குக் கட்டுவதில் இதைவிட அழகான கணக்கு கிடையாது. (பாதுகாப்புக்காகச் சேர்க்கும் கூடுதலை இங்கே விட்டிருக்கிறேன், நடைமுறையில் இதைவிடச் சில பெல்ட் அதிகம் வேண்டும்.) சரக்கை முன் தடுப்பில் முட்ட வைத்து ஏற்றினால், தடுப்பு தாங்கும் அளவுக்குப் பெல்ட் இன்னும் குறையும்.

"இவ்வளவு கனமான பொருள் எங்கே நகரப் போகிறது?" என்பது இந்தத் தொழிலில் உலவும் மூடநம்பிக்கைகளில் மோசமானது. எடை கூடினால் பிடியும் கூடும், தள்ளும் விசையும் அதே வீதத்தில் கூடும். பெல்ட் லேபிளில் '5 டன்' என்று பார்த்து நிம்மதி அடைவதும் இதே ரகம். அது அறுந்துபோகாமல் தாங்கும் அளவு. அழுத்துவதோ நீங்கள் இறுக்கிய 500 கிலோதான். பெல்ட் மூலையில் உரசும்போது மறுபக்கத்துக்கு இழுவிசை முழுதாகப் போய்ச் சேராது, கூரிய விளிம்பானால் பெல்ட்டே அறுபடும். அதனால்தான் மூலைக் காப்புகள். ஓட ஆரம்பித்ததும் சரக்கு அமர்ந்து பெல்ட் தளரும். அமெரிக்க விதிப்படி முதல் 80 கி.மீ.க்குள் ஒருமுறை நிறுத்திப் பார்த்தாக வேண்டும்.

இந்த வேலை எல்லாம் ஓட்டுநரின் நேரம். 40 கிலோவுக்கு மேல் கனக்கும் தார்ப்பாயை மேலே ஏறி விரிப்பதற்குத் தனிக் கட்டணம். ஏற்றுமிடத்தில் கிரேன் தயாராக இல்லாமல், இலவசக் காத்திருப்பு நேரம் (வழக்கமாக 2 மணி) தாண்டினால் அதற்கும் மணிக்கணக்கில் மீட்டர் ஓடும். ரப்பர் விரிப்புக்குத் தனியாகக் கொஞ்சம் கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுவது நல்லது என்பேன்.

பலர் ஏமாறுவது உயரத்தில். சாதாரண பிளாட்பெட்டின் தட்டு தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர். 2.9 மீட்டர் எந்திரத்தை ஏற்றினால் மொத்தம் 4.4. உயர வரம்பு 4 மீட்டராக உள்ள சாலைகளில் அதற்குச் சிறப்பு அனுமதி, பாலங்களைச் சுற்றிப் போகும் வழி, சில இடங்களில் துணை வண்டி என்று செலவு அடுக்கிக்கொண்டே போகும். படி இறங்கிய தட்டு கொண்ட ஸ்டெப்டெக் டிரெய்லரில் தட்டு உயரம் ஏறக்குறைய 1 மீட்டர். அதே எந்திரம் 3.9 மீட்டரில் அனுமதி இல்லாமலே போய்விடும். ஆனால் வாடகை கேட்கும்போது எந்திரத்தின் உயரத்தை மட்டும் சொல்லிவிட்டு, ஏற்றும் நாளில் அடியில் 15 சென்டிமீட்டர் மரக்கட்டை வைத்தால் 4.05 ஆகிவிடும், வண்டி அனுமதிக்காக அங்கேயே நிற்கும், காத்திருப்புக் கட்டணம் உங்கள் கணக்கில்.