காய்ந்த தொட்டியில் காத்திருக்கும் கொசு

ஐப்பசியின் முதல் பெருமழை பெய்து ஓய்ந்த வாரத்தில் ஒரு வாசகி எழுதியிருந்தார். அவர் வீட்டுக் கொல்லையில் உள்ள சிமென்ட் தொட்டி ஆடி மாதத்திலிருந்து பயன்பாட்டில் இல்லை. வெயிலில் காய்ந்து, ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் கிடந்தது. ஒரே இரவில் பெய்த மழையில் அது பாதி நிறைந்துவிட்டது. மறுநாள் மாலை டார்ச் அடித்துப் பார்த்தபோது, தண்ணீரில் நூல்துண்டு போன்ற சிறு புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தனவாம். “மழைத்தண்ணீரோடு சேர்ந்து புழுவும் மேலிருந்து விழுகிறது என்கிறார் என் மாமியார். ஒரு கொசு வந்து முட்டையிட்டு, அது பொரிப்பதற்கே இரண்டு மூன்று நாள் ஆகுமே? அப்படியானால் இவை எங்கிருந்து வந்தன?” என்பது அவருடைய கேள்வி.

மழைக்கால நோய்களைப் பற்றி எத்தனையோ அறிவுரைகள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் காரணம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. கழிவுநீர் குடிநீரோடு கலப்பதால் வயிற்றுப்போக்கும் காலராவும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் வருகின்றன. ஆகவே தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறோம், சோப்புப் போட்டுக் கை கழுவுகிறோம், வயிற்றுப்போக்கு கண்டவருக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கிறோம். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளநீர் காலில் உள்ள புண்ணின் வழியே உடலுக்குள் கிருமியைச் செலுத்துவதால் எலிக்காய்ச்சல் வருகிறது. ஆகவே வெள்ளத்தில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. இவை எளிதில் விளங்குபவை. டெங்குவுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு மட்டும் ‘தண்ணீர் தேங்கினால் கொசு பெருகும்’ என்ற ஒற்றை வரியில் அடங்குவதில்லை. அந்த வரிக்குள் மறைந்திருக்கும் ஒரு வேலைப்பாட்டைத்தான் வாசகியின் கேள்வி தொட்டுவிட்டது.

டெங்குவைப் பரப்பும் முதன்மையான கொசு ஏடிஸ் எஜிப்டி. கருத்த உடலிலும் கால்களிலும் வெள்ளைக் கோடுகள் கொண்டது, பகலில் கடிப்பது, சாக்கடையைவிட வீட்டுப் பாத்திரங்களில் தேங்கும் நீரையே நாடுவது. நம் வீடுகளில் இரவில் கடிக்கும் கியூலெக்ஸ் கொசு தன் முட்டைகளை நீரின் மேற்பரப்பில் ஒரு சிறு தெப்பம்போல் ஒட்டி மிதக்கவிடுகிறது. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் தனித்தனியாக நீரின்மேல் இடுகிறது. ஏடிஸ் நீரில் இடுவதில்லை. தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் படிந்த சொரசொரப்பான பகுதியைத் தேடி ஒவ்வொன்றாக ஒட்டவைக்கிறது. ஒரு முறைக்கு நூறு முட்டைகள் வரை இடக்கூடிய அது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காமல் டிரம்மில் சில, பூந்தொட்டித் தட்டில் சில, பழைய டயரில் சில என்று பிரித்து வைக்கிறது. ஒரு பாத்திரம் கவிழ்க்கப்பட்டாலும் மற்றவை பிழைக்கும்.

இட்டவுடன் அந்த முட்டை வெள்ளையாக, மென்மையாக இருக்கும். சில மணி நேரத்தில் கருத்து, இறுகிவிடும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமுள்ள, இரு முனையும் கூம்பிய கரிய துகள். தொட்டிச் சுவரில் படிந்த அழுக்கிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம். எனக்குப் பிடித்த பகுதி இந்தக் கருப்பு ஓட்டுக்கு உள்ளே நடப்பதுதான்.

வளரும் கருவைச் சுற்றி செரோசா என்னும் ஓர் உயிரணு அடுக்கு உருவாகிறது. இந்த அடுக்கு கருவின் உடலில் எந்த உறுப்பாகவும் மாறுவதில்லை. முட்டையிட்ட ஏறத்தாழ அரை நாளுக்குள் அது தன்னைச் சுற்றி, வெளி ஓட்டுக்கு அடியில், கைட்டின் கலந்த ஒரு மெல்லிய உறையைச் சுரக்கிறது. இறால் ஓட்டிலும் வண்டின் சிறகு மூடியிலும் இருக்கும் அதே கைட்டின்தான். இந்த உறை உருவாவதற்கு முன்பு முட்டையைக் காயவிட்டால் அது சுருங்கிச் செத்துவிடும். உருவான பின்பு காயவிட்டால், உள்ளிருக்கும் நீர் எளிதில் வெளியேறுவதில்லை. கியூலெக்ஸ், அனாபிலிஸ் முட்டைகளிலும் இத்தகைய உறை உண்டு. ஆனால் அதன் காப்பு ஒன்றுபோல் இல்லை. வறண்ட காற்றில் கியூலெக்ஸ் முட்டை சில மணி நேரமும் அனாபிலிஸ் முட்டை ஏறக்குறைய ஒரு நாளும் தாங்கும்போது, ஏடிஸ் முட்டை மாதக்கணக்கில் தாங்குகிறது. ஆடியில் காய்ந்த தொட்டி ஐப்பசி வரை வைத்திருந்தது இவற்றைத்தான்.

‘முட்டை’ என்று சொல்லும்போது, வளர்ச்சி தொடங்காத ஏதோ ஒரு கருவை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். உண்மையில், வெப்பமான நம் ஊரில் இரண்டு மூன்று நாள்களிலேயே உள்ளே ஒரு முழுமையான கொசுப்புழு தயாராகிவிடுகிறது. தலை, வாய், மூச்சுக்குழல் எல்லாம் உருவாகி, பொரித்து வெளியே வருவதற்குத் தண்ணீர் மட்டுமே தேவை என்ற நிலையில் அது உறங்குகிறது. வாசகி கணக்கிட்ட இரண்டு மூன்று நாள் வளர்ச்சி மழைக்கு நெடுநாள் முன்பே முடிந்துவிட்டது. அந்த உறக்கத்திலும் புழு உயிரோடு இருப்பதால், தாய் கொடுத்தனுப்பிய கொழுப்பைச் சிறிது சிறிதாகச் செலவழித்துக்கொண்டேதான் இருக்கிறது. பெங்களூருவில் உள்ள இன்ஸ்டெம் என்னும் உயிரியல் ஆய்வு நிறுவனத்தையும் இமாசலப் பிரதேசத்தின் மண்டி நகரில் உள்ள ஐ.ஐ.டி.யையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வு, காய்ந்த முட்டைக்குள் வேதிச் செயல்பாடுகளின் போக்கே மாறிவிடுவதைக் காட்டியது. பாலியமைன் எனப்படும் சேர்மங்கள் மிகுந்து, வறட்சியின் சேதத்திலிருந்து உயிரணுக்களைக் காக்கின்றன. மீண்டும் நனையும்போது எழுந்து வளர்வதற்கான ஆற்றலைக் கொழுப்பின் சிதைவு தருகிறது. இந்த இரண்டில் ஒன்றைத் தடுத்தாலும் காய்ந்த முட்டைகள் பிழைப்பது குறைகிறது.

இனி மழை பெய்கிறது, தொட்டி நிறைகிறது, முட்டை நீரில் மூழ்குகிறது. நனைந்தவுடன் பொரித்துவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் சுத்தமான, காற்று நன்கு கரைந்த நீரில் பல முட்டைகள் பொரிக்காமல் அப்படியே கிடக்கின்றன. புழுவை எழுப்பும் முதன்மையான குறி, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனின் அளவு குறைவது! உயிர்வாழ ஆக்சிஜன் வேண்டிய ஓர் உயிர், அது குறையும்போது ஏன் வெளியே வருகிறது? தொட்டியின் அடியில் கிடக்கும் சருகும் தூசியும் நனைந்ததும் அவற்றின்மேல் நுண்ணுயிர்கள் பெருகத் தொடங்குகின்றன. முட்டையின் ஓட்டின்மீதும் பெருகுகின்றன. அவை சுவாசிப்பதால் நீரில் ஆக்சிஜன் குறைகிறது. கொசுப்புழுவின் உணவோ அந்த நுண்ணுயிர்கள்தாம். வெளியுலகைக் கண்ணால் பார்க்க இயலாத நிலையில், ‘வெளியே தண்ணீர் இருக்கிறது, அது நிலையாகத் தேங்கியும் இருக்கிறது, அதில் சாப்பாடும் தயாராகிவிட்டது’ என்ற மூன்று செய்திகளையும் ஆக்சிஜன் குறைவு என்னும் ஒரே குறியின் மூலம் அந்தப் புழு தெரிந்துகொள்கிறது. புழுவுக்கு வளியிலிருந்து மூச்சு வாங்கும் குழல் உண்டு என்பதால், நீரில் ஆக்சிஜன் குறைவது அதை அவ்வளவாகப் பாதிப்பதும் இல்லை. செய்தி கிடைத்ததும் தலையில் உள்ள ஒரு சிறு முள்ளால் ஓட்டை உள்ளிருந்து அழுத்துகிறது. ஓட்டின் ஒரு முனை மூடிபோல் கழன்றுகொள்கிறது. ஆய்வகத்தில் எல்லா முட்டைகளையும் ஒரே நேரத்தில் பொரிக்கவைக்க விரும்புபவர்கள், கொதித்து ஆறிய நீரைப் பயன்படுத்துகிறார்கள். அல்லது முட்டைகள் உள்ள நீரை வெற்றிடக் கலத்தில் வைத்துக் கரைந்த வளியை உறிஞ்சிவிடுகிறார்கள். அரை மணி நேரத்துக்குள் நீர் முழுதும் புழுக்கள்.

சில ஏடிஸ் இனங்களில் இன்னொரு நுட்பமும் காணப்பட்டிருக்கிறது. நீரில் முன்பே வளர்ந்த புழுக்கள் நிறைய இருந்தால், அவை முட்டை ஓட்டின்மேல் படிந்த நுண்ணுயிர்களை மேய்ந்துவிடுகின்றன. அதனால் ஓட்டைச் சுற்றி ஆக்சிஜன் போதிய அளவு குறைவதில்லை; உள்ளே இருப்பது மேலும் உறங்குகிறது. நெரிசலான தொட்டியில் பிறந்து பட்டினி கிடப்பதைவிட அடுத்த மழைக்குக் காத்திருப்பது அதற்கு நல்லதாகிவிடுகிறது. எல்லாச் சூழலிலும் ஒரு பகுதி முட்டைகள் முதல் நனைதலில் பொரிக்காமல், இரண்டாவது, மூன்றாவது நனைதலுக்காகத் தங்கிவிடுகின்றன. நம் வடகிழக்குப் பருவமழை இடைவெளி விட்டு விட்டுப் பெய்வதால், ஒரு சுவரில் ஒட்டிய முட்டைகளிலிருந்து தவணை தவணையாகக் கொசுக்கள் புறப்படுகின்றன.

ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்தக் கொசு உலகெங்கும் பரவியதற்கும் காத்திருக்கும் இந்த ஆற்றலே பெருந்துணை. அடிமை வணிகக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் அது அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கக் கண்டத்தை அடைந்தது. அதனோடு, அது பரப்பும் மஞ்சள் காய்ச்சல் என்னும் வைரஸ் நோயும் சென்றது. பிரேசில் நாடு வீடு வீடாகச் சோதனை நடத்தி 1958-இல் ஏடிஸ் எஜிப்டி ஒழிந்ததாக அறிவிக்கப்படும் அளவுக்கு வென்றது. கண்காணிப்பு தளர்ந்த பின் கொசு மீண்டும் குடியேறி, இன்று அங்கே டெங்கு பெரும் சுமையாக இருக்கிறது. பழைய டயர் வணிகத்தில் கடல் கடக்கும் டயர்களின் உட்புறத்தில் முட்டைகள் ஒட்டிக்கொண்டு போகும் என்பதையும், 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இதன் உறவினமான ஆசியப் புலிக்கொசு பெருகியிருந்தது கண்டறியப்பட்டபோது உலகம் கவனித்தது.

முட்டையின் வாழ்க்கையை அறிந்தபின், நம் தெருக்களில் நடக்கும் தடுப்புப் பணிகளை வேறு கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கிறது. புகை அடிப்பது பறக்கும் கொசுக்களைக் கொல்லும். சுவரில் ஒட்டிய முட்டையை அது ஒன்றும் செய்யாது. தெருவோரம் சுண்ணாம்போடு கலந்து தூவப்படும் பிளீச்சிங் பவுடருக்கும் வீட்டுக்குள் இருக்கும் டிரம்முக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வெள்ளைக் கோடு கண்ணுக்குத் தெரிவதால் ஏதோ நடந்துவிட்டது என்ற நிம்மதி மட்டுமே அதனால் கிடைக்கிறது. பொதுப்பணம் இப்படிச் செலவாவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தண்ணீரைக் கொட்டிவிடுவதுகூட அரை வேலைதான். கொட்டும்போது புழுக்கள் போய்விடும். நீர்மட்டத்துக்கு மேலே ஒட்டிய முட்டைகள் அங்கேயே இருக்கும், அடுத்து நிரப்பும் நீருக்காக. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவச் சொல்வதற்கும் காரணம் உண்டு. முட்டை பொரித்துப் பறக்கும் கொசுவாக மாறுவதற்கு நம் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள்கள் ஆகின்றன. வாரக் கணக்கு அந்தச் சுழற்சியை நடுவிலேயே அறுத்துவிடுகிறது.

இந்தப் பொறுப்பு வீட்டுப் பெண்களின் தலையில் மட்டும் விழுவதும் சரியில்லை. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாத ஊரில், குடங்களிலும் டிரம்களிலும் நாள்கணக்கில் சேமித்து வைக்கத்தான் செய்வார்கள். அரும்பாடுபட்டுப் பிடித்த தண்ணீரைக் கொட்டு என்று ஒருவரிடம் சொல்வது எளிதல்ல. முறையான குடிநீர் வழங்கலைவிடச் சிறந்த டெங்குத் தடுப்பு வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச்சாறும் குடித்துவிட்டோம், இனி டெங்கு அண்டாது என்ற நம்பிக்கை தொட்டியின் பக்கம் போகாமல் இருக்கக் காரணமாகிவிடுகிறது. அதுதான் அதனால் வரும் கேடு. டெங்கு வைரஸ் நான்கு வகைப்படும். ஒரு வகை வந்துபோனவருக்கு வேறொரு வகை தொற்றும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. இந்த வைரஸைக் கொல்லும் மருந்து இன்று சிகிச்சையில் இல்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் இரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் ஆகாது. காய்ச்சல் தணியும் நேரமே ஆபத்தான நேரம் என்பதைப் பலர் அறிவதில்லை. அந்த நாள்களில்தான் இரத்தக்குழாய்களிலிருந்து நீர்மம் கசிகிறது. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் எது தெரிந்தாலும், உடம்பு குளிர்ந்துவிட்டதே என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம், வால்பாக்கியா என்னும் பாக்டீரியாவைத் தாங்கிய ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருக்கிறது; அந்தப் பாக்டீரியா உடலில் இருந்தால் டெங்கு வைரஸ் கொசுவுக்குள் பெருகுவது தடைப்படுகிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் இத்தகைய கொசுக்களை வெளியிட்டு நடத்திய ஆய்வில் டெங்கு 77 விழுக்காடு குறைந்ததாக 2021-இல் முடிவுகள் வந்தன. ஆனால் வால்பாக்கியா தாங்கிய முட்டைகள் நெடுங்காலம் காய்ந்து கிடந்தால் பொரிக்கும் திறனை விரைவாக இழக்கின்றன. நீண்ட கோடை உள்ள நம் ஊரில் அந்தக் கொசுக்கள் அடுத்த மழை வரை நிலைக்குமா என்பது, முட்டையைப் பற்றிய அடிப்படை அறிவு இருந்தால்தான் கணிக்கக்கூடியது. கொசு முட்டையை எண்ணிக்கொண்டிருப்பதா ஆராய்ச்சி என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் சான்று இதுதான். புகை இயந்திரத்துக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்காவது பூச்சியியல் படித்த இளைஞர்களுக்கு மாவட்டந்தோறும் வேலையாகக் கிடைக்க வேண்டும். கறுப்புக் குவளையில் சிறிது நீரும் ஒரு துணிப்பட்டையும் வைத்தால் அதுவே முட்டைப் பொறி. எந்தத் தெருவில் எப்போது ஏடிஸ் இருக்கிறது என்பதை நோயாளி வருவதற்கு முன்பே அது சொல்லிவிடும்.

வாசகிக்கு: மழையோடு புழு விழவில்லை என்று மாமியாரிடம் சொல்லலாம், ஆடியில் தொட்டி காய்வதற்குமுன் வந்து போன ஒரு கொசுவின் பிள்ளைகள் அவை. தொட்டியை வெறுமையாக்கிவிட்டு, உட்சுவரை விளிம்பு வரை, குறிப்பாக முன்பு நீர் நின்ற கறைக்கோட்டுக்கு மேலே, தேங்காய் நாராலோ கம்பிப் பிரஷாலோ அழுத்தித் தேய்க்க வேண்டும். கழுவிய நீரைச் சாக்கடையில் விடாமல் காய்ந்த மண்தரையில் ஊற்றுங்கள். அடுத்த மழை வரை பயன்படுத்தப்போவதில்லை என்றால் தொட்டியில் மணலை நிரப்பிவிடலாம். பயன்படுத்துவதாக இருந்தால் கொசு நுழையாதபடி இறுக்கமான மூடியோ நெருக்கமாக நெய்த துணியோ போட்டுக் கட்டிவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டையும், முற்றத்தில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழியையும் அதே நாளில் தேய்த்துவிடுங்கள்.