துட்டன்காமுனின் இரண்டு 19

"மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனவருக்கு அப்பா, அம்மா யார் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?" என்று பழைய எகிப்தின் மன்னர் துட்டன்காமுனைப் பற்றி ஒரு வாசகி கேட்டிருந்தார்.

டிஎன்ஏ பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து வருவது பள்ளிப் பாடம். மம்மிகளின் எலும்பைத் துளைத்து அதை எடுத்தார்கள்; ஆய்வக ஊழியர்களுடைய டிஎன்ஏ கலந்துவிட்டதா என்றும் சரிபார்த்தார்கள். 2010இல் முடிவு வெளியானது. எனக்குப் பிடித்தது அப்புறம் நடந்த எண்ணிக்கைதான்.

நம் 18ஆம் குரோமோசோமில் ஓரிடத்தில் ஏஜிஏஏ என்ற நாலெழுத்து, கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள்: அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று.

துயா என்ற பெண்மணிக்கு 8, 19. ராஜ வம்சம் இல்லை; ஆனால் மகள் தியே ராணியானாள். அவளுக்கு 12, 19. அவள் கணவன் மூன்றாம் அமென்ஹோடெப்புக்கு 16, 22. ஆக, இவர்கள் பிள்ளைகளிடம் 19 இருந்தால் அது துயா பாட்டியின் சொத்து. கேவி55 (எகிப்தின் மன்னர் பள்ளத்தாக்கில் கல்லறைகளுக்கு இப்படித்தான் எண் போடுவார்கள்) கல்லறையில் கிடந்த ஆணுக்கு 16, 19. கேவி35இல் கிடந்த இளம்பெண்ணுக்கும் 16, 19. சரி, துட்டன்காமுனுக்கு?

19, 19.

அப்பா வழியாக ஒன்று, அம்மா வழியாக ஒன்று. இரண்டும் புறப்பட்டது ஒரே கொள்ளுப்பாட்டியிடமிருந்து! ஓரிடத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்பதால் எட்டு இடங்களில் எண்ணினார்கள். அந்த கேவி55 ஆணும் கேவி35 பெண்ணும்தான் துட்டன்காமுனின் பெற்றோர், இருவரும் கூடப்பிறந்தவர்கள் என்று முடிவு சொன்னார்கள். (தலைமுறைகளாக நெருங்கிய சொந்தத்தில் கட்டினாலும் இப்படி எண்கள் வரலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு.) ஆய்வு சொல்வது சரியென்றால் துட்டன்காமுனுக்கு அப்பாயியும் அம்மாயியும் ஒருத்தியே, அத்தைதான் அம்மா.

தியேயின் தலைமுடிக் கற்றை ஒன்று, அவள் பெயர் பொறித்த குட்டிச் சவப்பெட்டிக்குள், பேரனின் கல்லறையிலேயே இருந்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு இன்னும் 'மம்மி சாபம்' என்று பேசுபவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. 1922இல் அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவார்ட் கார்ட்டர் 1939 வரை உயிரோடுதான் இருந்தார்.

கேவி55இல் கிடந்த அப்பா யார்? மூன்றாம் அமென்ஹோடெப்பின் மகனும் அவருக்கு அடுத்த மன்னருமான அகெநாதென் என்று பலர் சொல்கிறார்கள். எலும்பைப் பார்த்த சிலர், அந்த ஆணுக்கு அகெநாதென் அளவுக்கு வயதாகியிருக்காது என்கிறார்கள். சவப்பெட்டியில் பெயர் இருந்த இடத்தை அந்தக் காலத்திலேயே யாரோ வெட்டியெடுத்துவிட்டார்கள்.