குறிப்பேட்டில் விடுபடும் ‘ஏ’, ‘ஆன்’, ‘தி’

வெளிநாட்டு மருத்துவமனைகளில் பணிபுரிய விரும்பும் செவிலியர்களை ஓஇடி என்னும் ஆங்கிலத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்துவது என் தொழில். அத்தேர்வின் எழுத்துப் பகுதியில், ஒரு நோயாளியைப் பற்றிய துண்டுக் குறிப்புகளைக் கொடுத்து, 45 நிமிடங்களுக்குள் அவற்றைப் படித்து, 180 முதல் 200 சொற்கள் கொண்ட கடிதமாக எழுதச் சொல்வார்கள். வார்டில் பல ஆண்டுகள் திறம்படப் பணியாற்றியவர்களும் இங்கே சறுக்குகிறார்கள். கேஸ் ஷீட்டில் ‘பேஷண்ட் ஹேட் ஃபால்’ என்று எழுதினால் யாரும் குறை சொல்வதில்லை, அங்கே சுருக்கமே வழக்கம். கடிதத்திலோ ‘தி பேஷண்ட் ஹேட் ஏ ஃபால்’ என்றுதான் எழுத வேண்டும்.

பெயர்ச்சொல்லின் முன் வரும் ‘ஏ’, ‘ஆன்’, ‘தி’ என்னும் இந்த ஆர்ட்டிகிள்கள் வெறும் அலங்காரம்தானே என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு தொடர்களை எழுதிக் காட்டுவேன். ‘ஹி ஹேஸ் ஏ லிட்டில் பெயின்’ என்றால் கொஞ்சம் வலி இருக்கிறது என்று பொருள். அந்த ‘ஏ’ விடுபட்டு ‘ஹி ஹேஸ் லிட்டில் பெயின்’ என்று ஆகிவிட்டால், வலி அவ்வளவாக இல்லை என்று பொருள் புரண்டுவிடுகிறது. வலி மாத்திரை கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் இந்த வரியைத்தான் படிக்கப்போகிறார். எல்லா ‘ஏ’யும் இவ்வளவு கனமானதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும், பல இடங்களில் அது விடுபட்டாலும் பொருள் விளங்கிவிடும், மதிப்பெண் மட்டுமே குறையும்.

புதிதாக வருபவர்களிடம் முதலில் அவர்களுடைய சொற்குறிப்பேட்டை வாங்கிப் பார்ப்பேன். ஏறத்தாழ எல்லாவற்றிலும் இடப்புறம் ஆங்கிலச் சொல், வலப்புறம் தமிழ்ப் பொருள் என்ற ஒரே அமைப்பு இருக்கும்: ஸ்ட்ரோக், பக்கவாதம்; டயபட்டிஸ், நீரிழிவு; ஃப்ளூ, காய்ச்சல். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். தமிழில் இவை மூன்றும் ஒரே வகைச் சொற்கள். மூன்றும் ‘வந்திருக்கிறது’ என்றே முடியும். ஆங்கிலமோ அவற்றை மூன்று விதமாக நடத்துகிறது. ‘ஏ ஸ்ட்ரோக்’, ‘ஏ ஹெட்ஏக்’, ‘ஏ ஃபீவர்’, ‘ஏ கோல்ட்’ என்பன ‘ஏ’ பெறும். டயபட்டிஸ், ஆஸ்துமா, நிமோனியா, ஹைப்பர்டென்ஷன் ஆகியவை எதுவும் பெறாமல் தனித்து நிற்கும். ஃப்ளூ பெரும்பாலும் ‘தி ஃப்ளூ’ என்றே வரும். சட்டென்று வந்து போவதற்கு ‘ஏ’ உண்டு, தங்கிவிடும் நோய்க்கு இல்லை என்று ஒரு விதியைச் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். வந்து போகும் நிமோனியாவிடமே அவ்விதி தோற்றுவிடும். ஆகவே, சொல்லைப் படிக்கும் நாளிலேயே அதன் ஆர்ட்டிகிளையும் சேர்த்து, ‘ஏ ஸ்ட்ரோக்’ என்று ஒரே மூச்சில் படிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எண்ண முடியாத பெயர்ச்சொற்களுக்கும் இது பொருந்தும். நாம் ‘ஓர் ஆலோசனை’, ‘ஒரு தகவல்’ என்று இயல்பாகச் சொல்கிறோம். அதே பழக்கத்தில் ‘ஆன் அட்வைஸ்’, ‘ஆன் இன்ஃபர்மேஷன்’ என்று எழுதிவிடுகிறோம். பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்று’ என்று பொருள்பட்ட சொல்லே தேய்ந்து ‘ஆன்’ என்றும் ‘ஏ’ என்றும் ஆனது. ஒன்று, இரண்டு என்று ஆங்கிலம் எண்ணாத அட்வைஸ், இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட் போன்ற சொற்களின் முன் அது நிற்காததற்கு இதுவே காரணம்.

‘ஏ’யா ‘ஆன்’ஆ என்ற குழப்பத்தில் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. உயிரெழுத்துக்கு முன் ‘ஓர் ஊர்’, மெய்யேறிய எழுத்துக்கு முன் ‘ஒரு நாள்’ என்று எழுதும் மரபு நம்மிடமே இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்துக்குப் பதிலாக ஒலியைப் பார்க்க வேண்டும். தமிழ் எழுத்து பெரும்பாலும் ஒலியைத் தொடர்வதால், ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். ஈசிஜி, எம்ஆர்ஐ, எக்ஸ்ரே, அல்சர் எல்லாம் உயிரில் தொடங்குகின்றன, எனவே ‘ஆன்’. சிடி ஸ்கேன் மட்டுமன்றி, யூரின் சாம்பிளும் யூனிட் ஆஃப் பிளட்டும்கூட மெய்யொலியில் தொடங்குகின்றன, எனவே ‘ஏ’. நாம் ‘ஒன்’ என்று எழுதும் எண் மட்டும் ஏமாற்றும்; ஆங்கிலத்தில் அதன் ஒலி ‘வன்’ என்பதற்கு நெருக்கமானது, ஆகவே அதற்கு ‘ஏ’தான்.

‘தி’ இன்னும் நுட்பமானது. ‘மாத்திரை கொடுத்தேன்’ என்பதற்கும் ‘மாத்திரையைக் கொடுத்தேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தத் தமிழரும் விளக்கமின்றி உணர்வார். பின்னதில், எந்த மாத்திரை என்பது கேட்பவருக்கு முன்பே தெரியும். பல இடங்களில் நம் ‘ஐ’ உருபு செய்யும் இந்த வேலையைத்தான் ‘தி’ செய்கிறது. காலில் ‘ஆன் அல்சர்’ இருப்பதாக முதல் வரியில் எழுதினால், அதன் அளவைச் சொல்லும் அடுத்த வரியில் அது ‘தி அல்சர்’ ஆகிவிடும். ஆனால் நோயாளி, மருத்துவர் போன்ற உயர்திணைச் சொற்கள் செயப்படுபொருளாக வரும்போது பெரும்பாலும் ‘ஐ’ ஏற்பதால், அங்கே இந்தத் துணை கிடைக்காது. படிப்பவருக்கு இவர் யார் என்று ஏற்கெனவே தெரியுமா என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இதைச் சற்றே கற்றவர்கள் பாதுகாப்புக்காக எல்லாவற்றின் முன்னும் ‘தி’ போட்டு ‘தி டயபட்டிஸ்’ வரை போய்விடுவதும் உண்டு. எனக்கு விடுபட்ட பிழையைத் திருத்துவது எளிது, மிகுந்த பிழையைத் திருத்துவதுதான் கடினம்.

பயிற்சிக்குக் கோடிட்ட இடத்தை நிரப்புவது மட்டும் போதாது, ஏனெனில் எங்கே ஆர்ட்டிகிள் வேண்டும் என்பதை அந்தக் கோடே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதற்கு மாறாக, நன்றாக எழுதப்பட்ட ஒரு பத்தியை எல்லா ஆர்ட்டிகிளையும் நீக்கி, கோடும் இடாமல் கையால் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மறுநாள் மூலத்தைப் பாராமல் அவற்றை மீட்டெழுதி, பிறகு ஒப்பிட வேண்டும். நாளிதழ்ச் செய்தியின் உட்பகுதி இதற்கு உகந்தது. தலைப்புகள் ஆர்ட்டிகிள்களை விழுங்கிவிடும் வழக்கமுடையவை என்பதால் உதவாது.

குறிப்பேட்டையும் திருத்தி எழுதச் செய்கிறேன். ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் முன்னும் ‘ஏ’, ‘ஆன்’, ‘தி’ ஆகியவற்றுள் ஒன்று, எதுவும் இல்லையென்றால் ஒரு சுழி. அடியில் தம் வார்டிலிருந்து எடுத்த ஒரு முழுத் தொடர். நாளுக்கு எட்டுச் சொற்களுக்கு மேல் நான் அனுமதிப்பதில்லை. மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் தமிழ்ப் பொருளை மட்டும் பார்த்து, ஆர்ட்டிகிளோடு சொல்லைச் சொல்ல வேண்டும். ‘ஸ்ட்ரோக்’ என்று மட்டும் சொன்னால் அந்தச் சொல் மறுபடியும் முதல் நாளுக்கே போய்விடும்.