கூடப் போட்ட மருந்து எங்கே போகிறது?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஒரு விநோதமான மான் வேட்டைப் பருவம் தொடங்கும். 1974 முதல் நடக்கிறது. துப்பாக்கி எடுத்துப் போகிறவர்களுக்குப் பிளின்ட்லாக் மட்டுமே அனுமதி. சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசி, தீப்பொறி விழுந்து, மருந்து பற்றி வெடிக்கிற 18-ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாகக் கருமருந்து எனும் கறுப்பு வெடிமருந்தைக் கொட்டி, எண்ணெய் தடவிய துணித்துண்டில் ஈய உருண்டையை வைத்து, நீளக் கம்பியால் அடிவரை தள்ள வேண்டும். நம்மூர்ச் செய்தித்தாள்களில் ‘நாட்டுத் துப்பாக்கி’ என்று வருவதும் வாய்வழி மருந்து கெட்டிக்கும் இதே குடும்பம்தான். (இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே பேசுவதெல்லாம் அந்த ஊர்க் கதை.)

ஆக, ஒவ்வொரு முறை சுடும்போதும் வேட்டைக்காரர்தான் தோட்டாத் தொழிற்சாலை. எவ்வளவு மருந்து, எந்தக் குண்டு என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்வார்கள்: இன்னும் கொஞ்சம் மருந்து. இயற்பியல் அதற்கு அவ்வளவாக ஒத்துழைப்பதில்லை.

முதலில் அளவு. மருந்தும் குண்டும் அங்கே ‘கிரெயின்’ கணக்கு. ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. ஒரு தானிய மணியின் எடையிலிருந்து வந்த அளவு, நம் தங்க ஆசாரிகளின் நெல்லெடை போல. 50 காலிபர் துப்பாக்கியின் குழல் அரை அங்குல விட்டம். துணிக்கும் இடம் வேண்டுமென்பதால் உருண்டை 0.490 அங்குலம், எடை சுமார் 177 கிரெயின். 54 காலிபருக்கான 0.530 அங்குல உருண்டையோ 224 கிரெயின். விட்டம் 8 சதவீதம்தான் கூடியது, எடை 26 சதவீதம் ஏறிவிட்டது! உருண்டையின் எடை விட்டத்தின் மும்மடிப்படி ஏறும். லட்டு பிடிக்கிறவர் கை கொஞ்சம் தாராளமானால் மாவு சட்டென்று தீர்ந்துபோகிற அதே கணக்கு.

ஈயம் சுத்தமானதாக இருக்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும் என்பது பழைய சோதனை. மெத்தென்ற ஈயம்தான் மானின் நெஞ்சில் பட்டதும் தட்டையாகி அகலக் காயம் உண்டாக்கும். கெட்டியான கலவை ஈயம் சின்ன ஓட்டை போட்டுவிட்டுப் போய்விடும். அடிபட்ட மான் வெகுதூரம் ஓடி எங்கோ கிடந்து சாகும்.

இப்போது மருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த கருமருந்து, குருணைகளின் மேற்பரப்பில்தான் எரியும். கட்டை விறகைவிடச் சுள்ளி சடசடவென்று எரிவது போல, பொடிக்குருணை வேகமாகவும் பெருங்குருணை நிதானமாகவும் அழுத்தம் கொடுக்கும். அதனால்தான் 45 காலிபர் வரை ‘மூன்று எஃப்’ எனும் பொடிரகம், 50-க்கும் அதற்கு மேலும் ‘இரண்டு எஃப்’ எனும் பெருங்குருணை ரகம் என்று ஒரு பொது வழக்கம் இருக்கிறது.

கருமருந்தின் பெரிய பலவீனம் 1870-களில் நோபிள், ஏபெல் என்ற இரு பிரிட்டிஷ்காரர்களின் ஆய்வில் எண்ணாகவே தெரிந்தது. எரிந்து முடிந்ததும் எடையில் 43 சதவீதம்தான் வாயு. மீதியெல்லாம் திடப்பொருள், அதாவது புகையும் கரிப்பிசுக்கும். குண்டைத் தள்ளுவது வாயு. திடப்பொருளோ வெறும் பாரம். 177 கிரெயின் உருண்டைக்குப் பின்னால் 120 கிரெயின் மருந்தைப் போட்டால், அந்த மருந்தின் எடையையும் சேர்த்தல்லவா குழலுக்குள் தள்ள வேண்டும்? குழல் நீளமும் ஓர் அளவுதான். மருந்தை இரட்டிப்பாக்கினால் வேகம் இரட்டிப்பாவதில்லை. தோளில் விழும் உதை மட்டும் வஞ்சனையில்லாமல் கூடும்.

சரி, கூடின வேகமாவது மான்வரை போய்ச் சேருமா? 50 காலிபர் உருண்டை குழல்வாயில் நொடிக்கு சுமார் 550 மீட்டரில் கிளம்புகிறது என்று வையுங்கள். 100 கஜம் போவதற்குள் ஏறக்குறைய 330 மீட்டருக்கு இறங்கிவிடும். ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், மூன்றில் இரண்டு பங்கு ஆற்றலைக் காற்றே தின்றுவிடுகிறது. கூடுதல் மருந்தால் 610 மீட்டரில் கிளப்பினாலும், குழல்வாயில் கிடைத்த 60 மீட்டர் லாபத்தில் ஏறக்குறைய பாதிதான் 100 கஜத்தில் மிஞ்சும். ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போகிற உருண்டை, தன் முன்னால் அதிர்ச்சி அலையைத் தள்ளிக்கொண்டே போகிறது. அந்த வேகத்தில் காற்றுத்தடை எக்கச்சக்கம். எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு கந்துவட்டி.

இதை முதலில் அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ். கனமான ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு, அதில் குண்டைச் சுட்டு, ஊசல் ஆடிய தூரத்தை வைத்து வேகத்தைக் கணக்கிட்டார். 1742-ல் முடிவுகளை வெளியிட்டார். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றுத்தடை திடீரென்று எகிறுவதைக் கண்டு சொன்னவரும் அவரே. அப்பேர்ப்பட்ட மனிதர் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்கும் பொறியாளராக நம் கடற்கரைக்கு வந்தார். 1751-ல் கடலூர் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையில்தான் காய்ச்சலில் இறந்தார். கடலூர்க்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

உருண்டையின் வடிவமே பிரச்சினை என்றால் வடிவத்தை மாற்றலாம். நீள்கூம்புக் குண்டு அதே 50 காலிபரில் 350 கிரெயினுக்கு மேல் தாங்கும். மெதுவாகக் கிளம்பினாலும் வேகத்தை அவ்வளவு சீக்கிரம் இழக்காது. ஆனால் நீளமான குண்டு காற்றில் குப்புறக் கவிழாமலிருக்க வேகமாகச் சுழல வேண்டும். குழலின் உட்புறத் திருகுவெட்டு அதைத் தீர்மானிக்கிறது. உருண்டைக்கு 60 அங்குலத்துக்கு ஒரு சுற்று போன்ற சோம்பேறித் திருகே போதும். பிளாஸ்டிக் உறையில் வைத்துச் சுடும் இக்காலக் குண்டுகளுக்கு 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். 48 என்பது இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம். ஆகவே குண்டைத் தேர்ந்தெடுப்பது வேட்டைக்காரர் என்பதைவிட அவர் கையிலிருக்கும் குழல் என்பதே சரி.

அளப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. பித்தளை அளவைக்குழாயில் ‘80’ என்றிருப்பது தராசு எடையல்ல. 80 கிரெயின் கருமருந்து அடைக்கும் இடம். உழக்கால் அளக்கிற மாதிரி. பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் எடை குறைந்தவை என்பதால் அதே குழாயால்தான் அளக்க வேண்டும். தராசில் 80 நிறுத்தால் அளவு மீறிவிடும். ட்ரிபிள் செவன் ரகம் வீரியம் கூடியது, 15 சதவீதம் குறைத்துப் போடச் சொல்வார்கள். நவீனத் தோட்டாக்களின் புகையில்லா மருந்தைக் கருமருந்துத் துப்பாக்கியில் ஊற்றினால் குழல் கிழிந்து முகத்தில் அடிக்கும்.

அளவைக் கண்டுபிடிக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். காலிபர் எண்ணிலேயே தொடங்கு என்பது பழைய கைக்கணக்கு: 50 காலிபருக்கு 50 கிரெயின். காகித இலக்கில் மூன்று, நான்கு முறை சுட்டுவிட்டு, ஐந்தைந்தாக ஏற்றிப் பார்ப்பார்கள். தயாரிப்பாளர் குறித்த உச்ச அளவைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு வெடிக்கும் நடுவே ஈரத்துணியால் குழலைத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிசுக்கு ஏறி அடுத்த உருண்டை பாதியில் மாட்டும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் விழுந்தால் குழல் வீங்கலாம், வெடிக்கலாம். அதற்காகவே தள்ளுகம்பியில் கத்தியால் ஒரு கோடு கீறி வைத்திருப்பார்கள். அந்தக் கோடு குழல்வாயோடு ஒட்டி நின்றால்தான் குண்டு அடியில் உட்கார்ந்திருக்கிறது.

பல துப்பாக்கிகளில் 70, 80 கிரெயின் வாக்கில் இலக்கில் விழும் ஓட்டைகள் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி நெருங்கும். அதற்கு மேல் போட்டால் மறுபடி சிதறத் தொடங்கும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் 8 அங்குல அகலம். அதில் தவறாமல் அடிக்க முடிகிற தூரமே எல்லை. உருண்டைக்காரர்களில் நிதானமானவர்கள் 75 கஜத்துக்கு அப்பால் நிற்கும் மானைப் பார்த்துவிட்டு விசையிலிருந்து விரலை எடுத்துவிடுவார்கள்.

அன்று சுட்டிருந்தால், ராத்திரி வேலை பாக்கி இருக்கிறது. கருமருந்தின் பிசுக்கு ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும். சோப்புக் கரைத்த வெந்நீரைக் குழலுக்குள் ஊற்றினால் கறுப்பாக வடியும்; கந்தகம் தண்ணீரோடு சேர்ந்து அழுகிய முட்டை வாடை சமையலறை முழுக்கப் பரவும். துணி வெள்ளையாகவே வெளியே வருகிறவரை துடைத்துக்கொண்டிருப்பார்கள்.