கிரவுண்ட் வேறு, மைனஸ் வேறு, தம்பி

போன வாரம் கடைக்கு ஒரு பையன் வந்தான். பாலிடெக்னிக் கடைசி வருடம். கையில் செருப்பு டப்பா, அதற்குள் பழைய துண்டில் சுற்றி ஒரு ஆம்ப்ளிஃபயர் போர்டு. 7294 என்கிற ஆம்ப்ளிஃபயர் ஐசி இரண்டு போட்ட ஸ்டீரியோ கிட், ஆன்லைனில் வாங்கித் தானே கோர்த்தது. சால்டரிங்கைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது, ஒவ்வொரு புள்ளியும் அவ்வளவு சுத்தம். ஆனால் சப்ளையின் சார்ஜைத் தேக்கி வைக்கிற பெரிய கெப்பாசிட்டர் இரண்டில் ஒன்று இருந்த இடத்தில் அடி ரப்பரும் இரண்டு கம்பியும்தான் மிச்சம். அதன் அலுமினிய உறை அவன் வீட்டு சீலிங்கில் அடித்துத் தெறித்திருக்கிறது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தானாம். கண்ணாடி போடுகிற பையன் என்பதால் கண் தப்பித்தது.

"என்னப்பா பண்ணின?"

"அண்ணே, போர்டுல ஒரு கெப்பாசிட்டருக்கு ப்ளஸ் மைனஸ் தப்பா பிரிண்ட் ஆகியிருந்துச்சு. நான் சரி பண்ணித்தான் போட்டேன். அப்படியும் வெடிச்சிருச்சு."

சரி பண்ணித்தான் போட்டேன்! இந்த வார்த்தையோடு இந்த வருடம் என் மேசைக்கு வந்த நாலாவது போர்டு இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய கிட்டும் பார்த்தாயிற்று, ஆன்லைன் கிட்டும் பார்த்தாயிற்று. போர்டில் பிரிண்ட் தப்பாக வந்து எரிந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். போர்டைத் 'திருத்தப்' போய் எரிந்ததற்குக் கணக்கே இல்லை.

அவன் பார்த்தது இதுதான். கெப்பாசிட்டர் இரண்டும் 4700 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்), 50 வோல்ட். முதலாவதன் மைனஸ் கால் கிரவுண்ட் டிராக்கில், அதாவது போர்டின் கிரவுண்ட் செம்புக் கோட்டில், வருகிறது, நல்லது. இரண்டாவதற்கு ப்ளஸ் கால் போய் அதே கிரவுண்டில் விழுகிறது. கிரவுண்டில் எப்படி ப்ளஸ் வரும், டிசைன் பண்ணியவன் தூங்கிவிட்டான் என்று நினைத்து, திருப்பிப் போட்டுவிட்டான்.

கிரவுண்ட் என்றால் மைனஸ் என்ற நினைப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். டார்ச், பேட்டரி ரேடியோ, பைக், கார், எல்லாவற்றிலும் மைனஸைத்தான் பாடியில் கொடுத்திருப்பார்கள். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் முதலில் கோர்ப்பது 4440 ஐசி போட்ட சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டு, அதிலும் 12 வோல்ட் ப்ளஸ், மைனஸ் என்று இரண்டே ஒயர், மைனஸ்தான் கிரவுண்ட். அங்கே அது சரி. அங்கே மட்டும். அந்தக் காலத்து ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் ரேடியோக்களில், ஏசி128 மாதிரி பிஎன்பி வகை டிரான்சிஸ்டர் போட்டவற்றில், பலவற்றுக்கு ப்ளஸ்தான் கிரவுண்ட். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பேட்டரியின் ப்ளஸைத்தான் எர்த் பண்ணியிருப்பார்கள், அதனால்தான் அதை மைனஸ் 48 என்கிறார்கள். கிரவுண்ட் என்பது ஒரு முனையின் பெயர் இல்லை. எந்த இடத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு மற்றதை அளக்கிறோமோ அந்த இடம்.

இதை எல்லோருக்கும் நான் சொல்கிற விதம் இது. ஒரு வீடு, வாசலில் தரை, பக்கத்தில் கிணறு. மொட்டைமாடி தரையிலிருந்து 34 அடி உயரம். கிணற்றின் அடி தரையிலிருந்து 34 அடி ஆழம். மாடிதான் ப்ளஸ், கிணற்றடிதான் மைனஸ், தரை என்பது தரை. 24-0-24 டிரான்ஸ்ஃபார்மரை, ஏசியை டிசியாக்குகிற பிரிட்ஜ் டயோடில் கொடுத்தால் நமக்குக் கிடைப்பது இதுதான், டிசி ஆகும்போது 24 ஏறி மேலே சுமார் 34 வோல்ட், கீழே சுமார் 34 வோல்ட், நடுவில் அந்த 0 ஒயர். இப்போது கெப்பாசிட்டருக்கு வருவோம். அதற்குத் தெரிந்ததெல்லாம் தன் இரண்டு காலில் எது மேட்டில் இருக்கிறது என்பதுதான். மேட்டில் நிற்பது ப்ளஸ் கால். மாடிக்கும் தரைக்கும் நடுவே நிற்கிற கெப்பாசிட்டருக்கு மாடி மேடு, அதனால் மைனஸ் கால் தரையில். தரைக்கும் கிணற்றடிக்கும் நடுவே நிற்பதற்கு எது மேடு? தரைதானே! அப்படியென்றால் ப்ளஸ் கால் தரையில்தான் வரும், வந்தே ஆக வேண்டும். போர்டில் அப்படித்தான் பிரிண்ட் ஆகியிருந்தது. தூங்கியது டிசைன் பண்ணியவன் இல்லை.

இதைச் சொன்னதும் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ போன மாசம் எங்க சீனியர் கிரவுண்டையும் மைனஸையும் ஒரே ஒயர்ல ஜாயின்ட் பண்ணினாரே..." என்றான். அது அடுத்த ரகம். போர்டு கனெக்டரில் ப்ளஸ், கிரவுண்ட், மைனஸ் என்று மூன்று ஸ்க்ரூ இருக்கும். இரண்டும் ஒன்றுதானே என்று ஒரு ஜம்பர் போட்டுவிடுவார்கள். மைனஸ் பக்க சப்ளை முழுவதும் ஷார்ட். ஃபியூஸ் போட்டிருந்தால் ஃபியூஸ் போகும், போடாவிட்டால் டயோடு, அதற்கப்புறம் டிரான்ஸ்ஃபார்மர் வாடை. ஸ்பீக்கரின் கறுப்பு ஒயரைக் கொண்டுபோய் மைனஸ் ஸ்க்ரூவில் மாட்டுகிறவர்களும் உண்டு. தம்பி, அது ஸ்பீக்கர் மைனஸ், இது சப்ளை மைனஸ். ஸ்பீக்கரின் கறுப்பு கிரவுண்டுக்குத்தான் போக வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 12-0-12 வாங்கிக்கொண்டு போய் 4440 போர்டுக்கு இரண்டு 12 ஒயரையும் பிரிட்ஜில் கொடுத்து, நடு 0 ஒயரை டேப் சுற்றி ஓரமாக விட்டுவிடுகிறார்கள். அப்போது அது 12 இல்லை, 24. டிசி ஆகும்போது முப்பதைத் தாண்டும். 4440 என்பது 13.2 வோல்ட்டுக்காகப் பண்ணிய கார் ஸ்டீரியோ ஐசி. 0-வையும் ஒரு 12-ஐயும் கொடுங்கள், போதும். அதே 12-0-12-ஐ 0 ஒயரோடு சேர்த்து சாதாரண 2030 ஆம்ப்ளிஃபயர் ஐசிக்குக் கொடுத்தால் மேலே 17, கீழே 17 வரை வரும், அந்த ஐசியின் எல்லை 18. ராத்திரியில் லைன் 250-ஐத் தொடுகிற ஊரென்றால் அது கயிற்றின் மேல் நடக்கிற கதை. 2030ஏ போடுங்கள், 22 வரை தாங்கும்.

சரி, போர்டை எப்படிப் படிப்பது? மேலே வெள்ளையில் இருக்கிற படத்தை மட்டும் நம்பாதீர்கள், அடியில் இருக்கிற டிராக்கைப் பாருங்கள். கெப்பாசிட்டர் வட்டத்தில் பாதி நிரப்பி இருக்கும், பெரும்பாலும் நிரப்பிய பாதி மைனஸ், ஆனால் அதையே ப்ளஸ் என்று வைத்த போர்டும் என் கைக்கு வந்திருக்கிறது. மல்டிமீட்டரை பஸ்ஸரில், இரண்டு முள்ளுக்கும் நடுவே இணைப்பு இருந்தால் கத்துகிற நிலையில், வைத்து ஒரு முள்ளை கிரவுண்ட் ஸ்க்ரூவில் பிடியுங்கள், இன்னொன்றால் கெப்பாசிட்டர் ஓட்டையைத் தொடுங்கள். எந்த ஓட்டை கத்துகிறது, மற்ற ஓட்டை டயோடின் எந்தப் பக்கத்துக்குப் போகிறது, இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் அப்புறம் பிரிண்ட் என்ன சொன்னால் என்ன. இதற்கு இரண்டு நிமிடம் ஆகாது. கெப்பாசிட்டர் உடம்பில் இருக்கிற கோடு மைனஸ், அதில் சந்தேகமே வேண்டாம். டான்டலம் கெப்பாசிட்டரில் மட்டும் கோடு ப்ளஸ், யார் வைத்த வழக்கமோ தெரியவில்லை, நல்லவேளையாக இந்த கிட்டுகளில் அது அவ்வளவாக வருவதில்லை.

டிரான்சிஸ்டரிலும் இதே கூத்து. கிட்டில் கொடுத்தது தொலைந்துவிட்டது, கடையில் கேட்டேன், 'சமமானது' கொடுத்தார் என்பார்கள். தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்கும்படி பிடித்தால் பிசி547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். சி1815-க்கு எமிட்டர், கலெக்டர், பேஸ். 5551-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். மூன்றும் பார்க்க ஒரே கறுப்புப் பொட்டுதான். போர்டில் இருக்கிற அரைவட்டப் படத்துக்குள் எது வேண்டுமானாலும் உட்காரும், உட்கார்ந்துவிட்டதாலேயே அது சரியாகிவிடாது.

வீட்டிலேயே லேஅவுட்டைப் பிரிண்ட் எடுத்து அயர்ன் பாக்ஸ் வைத்துத் தேய்த்து போர்டு பண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படம் செம்புப் பக்கத்திலிருந்து பார்த்ததா, பாகங்கள் இருக்கிற பக்கத்திலிருந்து ஊடுருவிப் பார்த்ததா என்று முதலில் முடிவு பண்ணுங்கள். ஊடுருவிப் பார்த்த படத்தை அப்படியே எடுத்துத் தேய்க்கலாம், செம்புப் பக்கத்துப் படத்தைக் கண்ணாடி மாதிரித் திருப்பித்தான் எடுக்க வேண்டும். மாறிவிட்டால் ஐசியின் முதல் கால் கடைசிக் காலின் இடத்துக்குப் போய்விடும், அதை அடிப்பக்கமிருந்து மாட்டுகிற கொடுமையெல்லாம் நடந்திருக்கிறது.

இப்போது இரண்டாவது 'திருத்தம்'. இன்புட் சாக்கெட் பக்கம் ஒரு கிரவுண்ட் டிராக் இருக்கும், சப்ளை பக்கம் தடியாக இன்னொரு கிரவுண்ட் டிராக் இருக்கும். இரண்டுக்கும் நடுவே பல போர்டில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று மட்டும் பாலமாக நிற்கும், அல்லது பெரிய கெப்பாசிட்டர்களின் நடுப்புள்ளிக்கு வந்த பிறகுதான் இரண்டும் சேரும். இது டிராக் விட்டுப்போனது இல்லை, வேண்டுமென்றே பிரித்து வைத்தது. ஸ்பீக்கரில் போய்த் திரும்புகிற கரண்ட் ஆம்பியர் கணக்கில் வரும், இன்புட்டில் இருப்பது மில்லிவோல்ட் கணக்கு. மணல் லாரி போகிற ரோட்டிலேயே தொட்டிலைக் கட்டாதீர்கள். தடித்த ஒயரைப் போட்டு இரண்டையும் சேர்த்துவிட்டு, "அண்ணே, ஸ்பீக்கர்ல உம்ம்னு ஹம் அடிக்குது" என்று வருகிறார்கள். அடிக்கத்தான் செய்யும். ஸ்பீக்கர் கிரவுண்டைக் கெப்பாசிட்டர் நடுப்புள்ளிக்குக் கொண்டு போங்கள், இன்புட் சாக்கெட்டின் உடம்பு மெட்டல் பெட்டியைத் தொடாமல் பாருங்கள். பாதி ஹம் அங்கேயே போய்விடும்.

அவுட்புட் பக்கம் ஒரு சின்ன ரெசிஸ்டரும் 100 நானோ கெப்பாசிட்டரும் தொடராக நிற்கும். இல்லாமலும் பாட்டு பாடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். காதுக்குக் கேட்காத ஃப்ரீக்வென்சியில் ஐசி தானாக ஆட்டம் போட்டுச் சூடாகிச் சாகும்.

ஹீட் சிங்க். 7294-இன் முதுகு உலோகம் உள்ளே மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. 2030-உம் அப்படித்தான். கரண்ட் கடக்காமல் தடுக்கிற மைக்காத் தகடும் ஸ்க்ரூவுக்குப் புஷ்ஷும் போடாமல் முறுக்கினால் ஹீட் சிங்க் முழுவதும் கிணற்றடி ஆகிவிடும், அது பெட்டியைத் தொட்டு, பெட்டி கிரவுண்டைத் தொட்டால் கதை முடிந்தது. 5200, 1943 என்கிற அவுட்புட் டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட போர்டு இன்னும் மோசம், ஒன்றின் முதுகில் ப்ளஸ், மற்றதன் முதுகில் மைனஸ். மைக்கா இல்லாமல் இரண்டையும் ஒரே ஹீட் சிங்கில் வைத்தால் மேலும் கீழும் சேர்ந்து 68 வோல்ட் நேருக்கு நேர் முட்டும். அப்புறம் வந்து டூப்ளிகேட் 5200 என்று திட்டுவது. டூப்ளிகேட் வருகிறது, நிறையவே வருகிறது, ஆனால் எல்லாப் பழியும் அதன் மேல் போட முடியாது.

ஆன் பண்ணுவதற்கு முன் சீரிஸ் பல்பு. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். 60 வாட் அல்லது 100 வாட் குண்டு பல்பு, எல்இடி கூடாது, கரண்ட் ஒயரில் தொடராகப் போடுங்கள். பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் தைரியமாக அடுத்த வேலை பாருங்கள். எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உங்கள் ஐசிக்குப் பதில் பல்பு அடி வாங்குகிறது என்று சந்தோஷப்பட்டுப் பிளக்கைப் பிடுங்குங்கள். முதல் தடவை போர்டுக்கு மேலே முகத்தை வைக்காதீர்கள், செல்போனில் வீடியோ எடுக்கக் குனிவதும் அதில் அடக்கம். ஸ்பீக்கர் மாட்டாமல் அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே டிசி பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 100-க்கு மேல் போனால் ஸ்பீக்கரைத் தொடாதீர்கள். வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கர் கோன் ஒரு பக்கம் தள்ளி நின்று உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் கருகிவிடும். ஆஃப் பண்ணிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும், ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பொறி பறக்கவிடுகிற வீரம் வேண்டாம், 1 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை அரை நிமிடம் குறுக்கே பிடித்தால் தானாக இறங்கிவிடும். ரெசிஸ்டரின் கம்பியை விரலால் பிடிக்காமல். பெட்டி மெட்டல் என்றால் மூன்று பின் பிளக், எர்த் ஒயர் பெட்டியில். இதில் பேச்சே இல்லை.

பையன் போர்டுக்குக் கெப்பாசிட்டர் இரண்டையும் மாற்றினேன், பிரிட்ஜ் போயிருந்தது, ஒரு ஐசியும் போயிருந்தது. இந்தத் தடவை கெப்பாசிட்டரை அவனையே பஸ்ஸர் வைத்துப் பார்த்துப் போடச் சொன்னேன். பல்பு பளிச்சென்று அடித்து அடங்கியது. ஒரு சேனலில் 8 மில்லிவோல்ட், மற்றதில் 14. அவன் செல்போனிலிருந்தே பாட்டைப் போட்டோம், கடைக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பையன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. போர்டையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, இந்த இன்புட் கிரவுண்டும் அந்தக் கிரவுண்டும் தனித்தனியா இருக்கே, ஒரு சொட்டு ஈயம் விட்டு ஒண்ணாக்கிரவா?"

சால்டரிங் அயர்னை அவன் கையிலிருந்து வாங்கி ஸ்டாண்டில் வைத்தேன்.