மைக்ரோசாட்டிலைட்: குறுமீள்தொடர்

டி.என்.ஏ. இழை ஏ, சி, ஜி, டி என்று குறிக்கப்படும் நான்கு வேதி அலகுகளால், அதாவது எழுத்துகளால் ஆனது. அதில் ஒன்று முதல் ஆறு எழுத்துகள் வரை நீளமுள்ள ஒரு துண்டு, இடைவெளியின்றி அடுத்தடுத்துப் பலமுறை திரும்பி வரும் இடத்தை உயிரியலார் மைக்ரோசாட்டிலைட் என்பர். சிஏ என்னும் ஈரெழுத்துத் துண்டு சிஏசிஏசிஏ எனப் பதினைந்து முறையோ இருபது முறையோ வருவது எளிய எடுத்துக்காட்டு. எத்தனை முறை வருகிறது என்பது செடிக்குச் செடி மாறுபடுவதால், பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரு செடிகளையும் இதைக் கொண்டு பிரித்தறியலாம்.

சொல்லின் வேர் சுற்றுவழியானது. மைக்ரோ என்பது சிறுமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். சாட்டிலைட் என்பதன் மூலமான சாட்டெல்லெஸ், லத்தீனில் மெய்க்காவலனையும் உடன்வருவோனையும் குறித்தது. வியாழனைச் சுற்றும் நிலவுகளுக்குக் கெப்ளர் அதைச் சூட்டிய பிறகே வானியல் பொருள் நிலைத்தது. உயிரியலுக்கு அது வந்தது 1960களின் தொடக்கத்தில். சீசியம் குளோரைடு கரைசலில் டி.என்.ஏ.வை அதிவேகமாகச் சுழற்றியபோது, பெரும்பகுதி ஒரு பட்டையாகப் படிய, எழுத்துக் கலவை வேறுபட்டதால் அடர்த்தியும் வேறுபட்ட சிறுபகுதி, அதன் பக்கத்தில் தனிப் பட்டையாக ஒதுங்கி நின்றது. அந்த உடன்பட்டைக்கே சாட்டிலைட் என்று பெயரிட்டனர். அதில் இருந்தவை மீண்டும் மீண்டும் வரும் தொடர்கள் என்பது பின்னர்த் தெரிந்தது. 1985இல் பிரித்தானிய மரபியலார் அலெக் ஜெஃப்ரிஸ் மனிதரை அடையாளம் காணப் பயன்படுத்திய சற்றே குறுகிய தொடர்கள் மினிசாட்டிலைட் எனப்பட்டன. அவற்றினும் குறுகியவற்றுக்கு 1989இல் மைக்ரோசாட்டிலைட் என்னும் பெயர் வந்தது. பக்கப் பட்டையோடு இவற்றுக்கு நேர்த்தொடர்பு ஏதுமில்லை. பெயர் மட்டும் வழிவழியாக ஒட்டிக்கொண்டது.

ஆகவே, நுண்துணைக்கோள் என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது பொருளைக் கெடுக்கும். விண்ணில் ஏவப்படும் சிற்றளவுச் செயற்கைக்கோளுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் இருப்பதால் குழப்பம் இரட்டிக்கும். துண்டின் குறுமை, மீண்டும் வருதல், தொடர்ந்து நிற்றல் ஆகிய மூன்றையும் தாங்கும் குறுமீள்தொடர் என்பதே என் தேர்வு. மீள்தொடர் வினைத்தொகையாதலால் முக்காலத்துக்கும் பொருந்துவது கூடுதல் நயம். அடையாளத்துக்குப் பயன்படும்போது குறுமீள்தொடர்க் குறிப்பான் எனலாம். இவ்வகையை மரபணுக் குறிப்பான் என்று எழுதுவது நாளிதழ்களில் பரவியிருந்தாலும் துல்லியமன்று. பெரும்பாலான குறுமீள்தொடர்கள் மரபணுக்களுக்கு வெளியே கிடப்பதால், மரபுக் குறிப்பான் என்பதே பொருந்தும்.

தொடரின் எண்ணிக்கை மாறுவதற்குக் காரணம் படியெடுப்பில் நேரும் வழுக்கல். ஒரே சீர் பலமுறை வரும் பாட்டை ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதுவோர் ஒரு சீரை விடுவதோ கூட்டுவதோ போல, டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியும் இவ்விடங்களில் தடுமாறுகிறது.

இதன் பயனைக் காண உண்ணிச்செடி தக்க சான்று. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியத் தோட்டங்களுக்குச் சென்று, அங்கே பலவாறு கலப்புச் செய்யப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்த இது, இன்று முதுமலையிலும் பந்திப்பூரிலும் காட்டின் அடித்தளத்தை அடைத்துக் கிடக்கிறது. லன்டானா கமாரா என்று ஒரே இனப்பெயரால் அழைத்தாலும், இது பல கலப்புகளின் திரள் என்பதே பலர் கருத்து. 2006இல் அமெரிக்கத் தாவரவியலார் சாண்டர்ஸ் களையாகப் பரவிய வகைக்கு லன்டானா ஸ்ட்ரிகோகமாரா என்னும் தனிப்பெயரே கொடுத்தார். ரகங்களைப் பூவின் நிறத்தால் பிரிப்பதே நெடுநாள் வழக்கம். ஆனால் ஒரே கொத்தில் ஓரத்துப் பழைய பூக்கள் இளஞ்சிவப்பாகவும் நடுவில் புதிதாய் விரிந்தவை மஞ்சளாகவும் நிற்கையில், எந்த நிறத்தைப் பெயராக எழுதுவது என்பதே சிக்கலாகிவிடும்.

ரகம் அறியாமல் கட்டுப்படுத்துவதும் கடினம். 2001இல் ஆஸ்திரேலியாவில் விடப்பட்ட புராஸ்போடியம் என்னும் துருப்பூஞ்சை, அங்குப் பரவலாகவுள்ள இளஞ்சிவப்பு ரகத்தையே தாக்குகிறது. மற்ற ரகங்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

ஆய்வில் இலையைச் சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி, டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, குறுமீள்தொடரின் இருபுறமும் உள்ள மாறாப் பகுதிகளைப் பிடித்துப் பெருக்கி, துண்டுகளின் நீளத்தை அளப்பர். உண்ணிச்செடியில் இங்கொரு இடர் உண்டு. அடிப்படை நிறப்புரி (குரோமோசோம்) எண் 11 ஆயினும், பல செடிகளில் 44 நிறப்புரிகள், அதாவது நான்கு தொகுதிகள் உள்ளன. ஓரிடத்தை அளந்தால் திரையில் 152, 158, 164 எழுத்து நீளங்களைக் காட்டும் மூன்று முகடுகள் எழக்கூடும்; நான்காம் தொகுதியிலுள்ள படி இவற்றுள் எதன் இரட்டை என்பதை முகட்டின் உயரத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்ல இயலாது. அதனால், முகடு உண்டா இல்லையா என்பதை மட்டும் பதிவு செய்து ஒப்பிடுவோர் உள்ளனர்.

இந்திய உண்ணிச்செடிகளைக் குறுமீள்தொடர் வழியே ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, அவை ஒரே வருகையின் வழித்தோன்றல்கள் அல்ல, பலமுறை கொண்டுவரப்பட்டவை என்று காட்டியது. பெங்களூருவிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தினர் பின்னர் ஓரெழுத்து வேறுபாடுகளைப் பெருந்தொகையாக ஒப்பிட்டபோது, மரபுக் குழுக்கள் இடத்தைவிடப் பூவின் நிறத்தை ஒட்டியே பிரிவதையும், தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது அப்பிரிவைக் காப்பதையும் கண்டனர். தோட்டக்காரர்கள் நிறத்தை வைத்துப் பிரித்தது முற்றிலும் பிழையன்று போலும்.